இரட்டைக் குறியாக்கம் செய்த முகவரி சுரிகாட்டாவில் விழவில்லை: டபுள் டிகோடை எல்லாச் சேர்வருக்கும் போடலாமா?

உட்துறைமுகம் கேட்டது:

திருகோணமலையில் ஒரு சிறிய அலுவலக வலையமைப்பு. வெளியிலிருந்து அணுகக்கூடிய சேர்வர்கள் மூன்று. முதலாவது, தமிழிலும் சிங்களத்திலும் பக்கங்கள் உள்ள வேர்ட்பிரஸ் தளம்; அப்பாச்சி 2.4இல் ஓடுகிறது. இரண்டாவது, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளுக்கான அறை முன்பதிவுச் செயலி. பழைய ஏஎஸ்பி டொட் நெட், மைக்ரோசொஃப்ட்டின் ஐஐஎஸ் வலைச் சேர்வரில் இருக்கிறது. மூன்றாவது, என்ஜின்எக்ஸ் என்ற இடைச் சேர்வருக்குப் பின்னால் டொம்கட் என்ற ஜாவாச் சேர்வர். எல்லாவற்றுக்கும் முன்னால் உள்ள எச்ஏ-புரொக்சி என்ற இடைச் சேர்வரிலேயே டிஎல்எஸ் மறையாக்கம் அவிழ்ந்துவிடும். அதற்கு உட்புறச் சுவிச்சின் ஸ்பான் போர்ட்டில், அதாவது போக்குவரத்தின் நகல் வரும் வாயிலில், ஊடுருவலைக் கண்டறியும் மென்பொருளான சுரிகாட்டா 7 சென்சராக இருக்கிறது. ஆகவே சென்சருக்கு வருவது வெற்று எச்டிடிபிதான்.

சோதனைக்கு ஒரு ரூல்: லினக்ஸ் கடவுச்சொல் கோப்பின் ஆறெழுத்துப் பெயர் முகவரியின் பாதையில் வந்தால் எச்சரிக்கை. தேடும் இடம் எச்டிடிபி.யூஆர்ஐ பஃபர், அதாவது சென்சர் முகவரியைப் படித்து வைக்கும் இடம். முடிவு இப்படி:

பெயரை நேரடியாக எழுதினால் எச்சரிக்கை விழுகிறது.
ஒவ்வொரு எழுத்தையும் % குறியும் அதன் பதினாறடிமான எண்ணுமாகக் குறியாக்கி %70%61%73%73%77%64 என்று எழுதினாலும் விழுகிறது.
%2570%2561%2573%2573%2577%2564 என்று எழுதினால் விழவில்லை.
%யு0070%யு0061 என்று, அதாவது % குறிக்குப் பின் யு என்ற ஆங்கில எழுத்தும் நான்கு இலக்கமும் வரும் வடிவிலும் விழவில்லை.

இன்னொரு ரூல் அதே பஃபரில் %70 என்ற மூன்று எழுத்தையே தேடுகிறது. அது இரண்டாவது வடிவத்துக்குக்கூட விழவில்லை. இதற்கு மேல், ஒரு முகவரியில் இருபதுக்கு மேல் % குறி வந்தால் எச்சரிக்கச் சொல்லும் ரூல் ஒன்றும் உண்டு. தமிழ்த் தேடல் வரும்போதெல்லாம் அது அடித்துக்கொண்டே இருக்கிறது.

சுரிகாட்டாவின் யாம்ல் அமைப்புக் கோப்பில் பெர்சனாலிட்டி, அதாவது எந்தச் சேர்வரைப் போல முகவரியைப் படிப்பது என்ற அமைப்பு, எல்லாச் சேர்வருக்கும் அப்பாச்சி_2. பாதையையும், கேள்விக்குறிக்குப் பின் வரும் குவெரியையும் இருமுறை அவிழ்க்கச் சொல்லும் டபுள்-டிகோட்-பாத், டபுள்-டிகோட்-குவெரி இரண்டும் நோ. இரண்டையும் யெஸ் ஆக்கினால் போதுமா? பதினாறடிமான எழுத்துகளை இங்கே ஏ, பி, சி என்று தமிழிலேயே எழுதியிருக்கிறேன்.

மூதூர்_அட்மின் பதில்:

எல்லாத்துக்கும் போடாதேங்கோ. முதலில் அந்த முகவரியைப் பின்னால் இருக்கிற சேர்வர் எத்தனை தரம் அவிழ்க்குது எண்டு பார்க்க வேணும். சென்சரும் அத்தனை தரம்தான் அவிழ்க்க வேணும். குறைய அவிழ்த்தாலும் பிழை, கூட அவிழ்த்தாலும் பிழை.

குறைய அவிழ்த்தால் நடக்கிறது உங்கட மூன்றாவது வடிவம். %25 எண்டால் % குறி. சென்சர் ஒருதரம் அவிழ்த்ததும் %2570 என்பது %70 ஆக நிற்கும். ரூல் தேடுற எழுத்து அங்க இல்லை. சேர்வர் இன்னொரு தரம் அவிழ்த்தால் மட்டும் அது எழுத்தாக மாறும்.

கூட அவிழ்த்தால் வாறது வேற ஆபத்து. பாதையில ஒரு அடைவுப் பெயர், அடுத்ததாக இரட்டைக் குறியாக்கத்தில இரண்டு புள்ளி (மேலடைவுக்குப் போ எண்ட குறி) எண்டு வையுங்கோ. சென்சர் இரண்டுதரம் அவிழ்த்து, இரண்டு புள்ளியைக் கண்டு, முன்னால இருந்த அடைவுப் பெயரையே அழிச்சுச் சுருக்கிப்போடும். ஒருதரம் மட்டும் அவிழ்க்கிற சேர்வருக்கோ அந்த அடைவுப் பெயர் அப்படியே தெரியும். அந்தப் பெயரைத் தேடுற ரூல் கண் தெரியாமல் நிற்கும். சென்சர் ஒண்டைப் படிக்க, சேர்வர் வேறொண்டைப் படிக்கிற இந்த இடைவெளியை டொமஸ் டாசெக், டிமதி நியூஷம் இரண்டு பேரும் 1998இலேயே தெளிவாக எழுதிவைச்சவை. முகவரிக் குறியாக்கம் அதில ஒரு கிளைதான்.

இனி உங்கட மூன்று சேர்வரையும் தனித்தனியாகப் பாருங்கோ.

அப்பாச்சி பாதையை ஒருதரம்தான் அவிழ்க்கும். %யு வடிவம் வந்தால் பிழையான குறியாக்கம் எண்டு 400 குடுக்கும். ஆகவே அதுக்கு அப்பாச்சி_2 சரி, டபுள் டிகோட் வேண்டாம். ஆனால் பதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கோ. 2021 ஒக்டோபரில வந்த சிவிஇ-2021-41773 எண்ட பாதுகாப்புக் குறைபாடு இதே வகைதான்: 2.4.49இல பாதையைச் சீராக்கிற பகுதி, குறியாக்கிய புள்ளியைச் சரியாகப் பிடிக்கயில்லை. அதுக்கு வந்த திருத்தமான 2.4.50, %%32%65 எண்ட இரட்டை வடிவத்தைத் தவறவிட்டது, அது சிவிஇ-2021-42013. இரண்டும் அடைபட்டது 2.4.51இலதான். அடைவுகளுக்கு அணுகலை மறுக்கிற ரிக்வயர் ஆல் டினைட் போட்டிருந்த சேர்வர்களில இந்த வழியாகக் கோப்பை எடுக்க ஏலாது.

டொம்கட்தான் கவனிக்க வேண்டிய இடம். என்ஜின்எக்ஸ் கோப்பில, கோரிக்கையைப் பின்சேர்வருக்குக் கடத்திற புரொக்சி_பாஸ் வரியைத் திறந்து பாருங்கோ. பின்சேர்வர் முகவரிக்குப் பிறகு ஒண்டும் இல்லாட்டி, வந்த முகவரியை அப்படியே கடத்தும். பாதை ஒண்டு எழுதியிருந்தால், அவிழ்த்துச் சீராக்கித் திரும்பக் குறியாக்கி அனுப்பும், இதுவும் பாதுகாப்பு. ஆனால் அந்த வரியில டொலர் குறியோட யூஆர்ஐ எண்ட மாறி இருந்தால், அது ஏற்கெனவே அவிழ்த்த வடிவம். திரும்பக் குறியாக்கம் நடக்காது. டொம்கட் இரண்டாந்தரம் அவிழ்க்கும். உங்கட மூன்றாவது வடிவம் உண்மையில வேலை செய்யிற இடம் அதுதான். அந்த மாறியை எடுத்துப்போட்டு, வந்த முகவரி அப்படியே நிற்கிற ரிக்வெஸ்ட்_யூஆர்ஐ மாறியைப் போட்டால் பிரச்சினை மூலத்திலேயே தீரும், சென்சரில டபுள் டிகோடும் தேவைப்படாது. டொம்கட் பாதையில அரைப்புள்ளிக்குப் பிறகு வாறதைத் தனி அளபுருவாக வெட்டி எடுக்கும், என்ஜின்எக்ஸ் அப்படிச் செய்யாது. அந்த முரண்பாட்டையும் சோதிச்சுப் பாருங்கோ.

ஐஐஎஸ்ஸுக்கு அப்பாச்சி_2 பெர்சனாலிட்டி பொருந்தவே பொருந்தாது. நாலாவது வடிவம் தவறினது அதாலதான். யாம்ல் கோப்பின்ர லிப்எச்டிபி பகுதியில சேர்வர்-கொன்ஃபிக் எண்டதுக்குக் கீழ ஒவ்வொரு சேர்வருக்கும் ஒரு பெயர், அதுக்கு அட்ரஸ் வரியில ஐபி, பிறகு பெர்சனாலிட்டி எண்டு தனித்தனியாகக் குடுக்கலாம். ஐஐஎஸ்ஸுக்குப் பதிப்பு எண் உள்ள பெர்சனாலிட்டியைத் தெரிஞ்செடுக்கிறதைவிட ஐடிஎஸ் எண்டதையே வைக்கிறது நல்லது. அது விரிவாக அவிழ்க்கும். டிஃபோல்ட் பகுதிக்கும் ஐடிஎஸ்தான் இருக்க வேணும், ஏனெண்டால் நாளைக்கு யாராவது புதுச் சேர்வர் கொண்டுவந்து பூட்டினால் அது டிஃபோல்டுக்குள்ளதான் விழும்.

%70ஐத் தேடுற ரூல் ஏன் விழயில்லை? யூஆர்ஐ பஃபருக்கு வரேக்க அது அவிழ்ந்து எழுத்தாகிவிடும். குறியாக்கத்தையே பிடிக்க வேணுமெண்டால், அவிழ்க்காத முகவரி நிற்கிற எச்டிடிபி.யூஆர்ஐ.ரோ பஃபரில தேடுங்கோ. உள்ளடக்கத்துக்கு ஒண்டு, குறியாக்கத்துக்கு மற்றது. இரண்டையும் குழப்பி எழுதின ரூல் ஒருநாளும் அடிக்காது. அடிக்காத ரூலை எவரும் போய்ப் பார்ப்பதுமில்லை.

கோணேசர்_நெட் பதில்:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். % குறியை எண்ணும் ரூலைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் தமிழ்த் தளம் வைத்திருக்கும் எல்லாரையும் அது பாதிக்கிறது.

தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறியும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் % உட்பட மூன்று எழுத்தாகிறது. அதாவது ஒரு குறிக்கு ஒன்பது எழுத்து. "திருகோணமலை" என்ற சொல்லில் உயிர்மெய்க் குறிகளையும் சேர்த்துப் பத்து யூனிகோட் குறி. முகவரியில் அது 90 எழுத்து, 30 % குறி. ஒரே சொல்லிலேயே உங்கள் எல்லை தாண்டிவிடுகிறது. சிங்களமும் இதே மூன்று பைட்தான். வேர்ட்பிரஸ் பதிவின் முகவரித் துண்டுக்கு 200 எழுத்து எல்லை வைத்திருப்பதால் தமிழ்த் தலைப்பு 22 குறிக்குமேல் போனால் வெட்டுப்படுவதும் இந்தக் கணக்கால்தான். ஆகவே எண்ணும் ரூலைத் தூக்கிவிடுங்கள். அது தாக்குதலைப் பிடிக்கவில்லை. தமிழில் தேடுபவரைத்தான் பிடிக்கிறது.

எத்தனை % இருக்கிறது என்பதால் ஒன்றும் தெரியாது. எந்த எழுத்து குறியாக்கப்பட்டிருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆங்கில எழுத்து, இலக்கம், இணைப்புக்கோடு, புள்ளி, அடிக்கோடு, அலைக்கோடு இவற்றுக்குக் குறியாக்கம் தேவையில்லை என்று 2005இல் வந்த ஆர்எஃப்சி 3986 என்ற இணையத் தர ஆவணம் சொல்கிறது. உலாவிகள் ஆங்கில எழுத்தையும் இலக்கத்தையும் தாமாகக் குறியாக்குவதில்லை. ஒருவர் பாதையில் %70 என்று எழுதியிருந்தால் அதை வேண்டுமென்றே எழுதியிருக்கிறார், அல்லது ஏதோ ஒரு கருவி எழுதியிருக்கிறது. ஆகவே ரோ பஃபரில் ஒரு பிசிஆர்இ, அதாவது எழுத்துக் கோலத்தைத் தேடும் வரி: % குறிக்குப் பின் 30 முதல் 39 வரை, 41 முதல் 5ஏ வரை, 61 முதல் 7ஏ வரை. தமிழ், சிங்கள பைட்டுகள் எல்லாம் 80 அல்லது அதற்கு மேல் என்பதால் இதில் சிக்கவே மாட்டா. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விட்டுவிடும்படி எழுதுங்கள். உலாவி பதினாறடிமானத்தைப் பெரிய எழுத்தில் அனுப்பும், வேர்ட்பிரஸ் தன் இணைப்புகளில் சிறிய எழுத்தில் எழுதும்.

இந்த பிசிஆர்இ இரட்டை வடிவத்தைப் பிடிக்காது, ஏனெனில் %2570இல் %க்குப் பின் 25 இருக்கிறது. அதற்குத் தனி ரூல்: %25, அடுத்த எழுத்து 2 முதல் 7 வரை, அதன்பின் ஒரு பதினாறடிமான எழுத்து. அந்த 2–7 எல்லை முக்கியம். தமிழ் முகவரி ஒன்றை இன்னொரு முகவரிக்குள் வைத்துப் பகிரும்போது, ஃபேஸ்புக் பகிர்வுப் பொத்தான் செய்வது போல, தமிழ் பைட்டுகள் இயல்பாகவே இரட்டைக் குறியாக்கம் பெறும். அப்போது %25க்குப் பின் வருவது 8 அல்லது அதற்கு மேற்பட்டது. அதே காரணத்துக்காக இந்த ரூலைக் கேள்விக்குறிக்கு முன்னுள்ள பாதைக்கு மட்டும் கட்டுப்படுத்துங்கள். முகவரிக்குள் முகவரி வருவது குவெரியில்தான், அங்கே முக்காற்புள்ளியும் சாய்கோடும் இரட்டையாக வருவது வழக்கம்.

%யு வடிவத்திலும் இதே நுணுக்கம் உண்டு. பழைய ஜாவாஸ்கிரிப்ட் எஸ்கேப் சார்பு தமிழ் எழுத்தை இப்படித்தான் எழுதும்: "த" என்பது %யு0பிஏ4. உங்கள் முன்பதிவுச் செயலி பழையது என்றால் அதில் இது இருக்கலாம், எல்லாவற்றையும் எச்சரித்தால் வாடிக்கையாளர் பெயர்களெல்லாம் எச்சரிக்கையாகும். ஆனால் அந்தச் சார்பு 256க்குக் கீழுள்ள எந்த எழுத்தையும் %யு வடிவில் எழுதாது. எனவே %யு00 என்று தொடங்குவது இயல்பான வழியில் வராது. அதைத்தான் தேட வேண்டும். கூடவே %யுஎஃப்எஃப் என்று தொடங்கும் முழு அகல எழுத்துகளையும் சேருங்கள். சில விண்டோஸ் செயலிகள் அவற்றைச் சாதாரண ஆங்கில எழுத்தாக மாற்றிக்கொள்ளும்.

இன்னொன்று மிச்சம். சி0, சி1 என்ற இரண்டு பைட்டும் முறையான யூடிஎஃப்-8இல் எங்கும் வர முடியாது. ஒரு பைட்டில் எழுத வேண்டிய சாய்கோட்டை இரண்டு பைட்டாக நீட்டி எழுதினால்தான் அவை வரும். 2003இன் ஆர்எஃப்சி 3629 இதைத் தடை செய்தது. அதற்கு முன்பே, 2000 ஒக்டோபரில் மைக்ரோசொஃப்ட் எம்எஸ்00-078 என்ற பாதுகாப்பு அறிவிப்பை வெளியிட்டது இதற்காகத்தான்; 2001 செப்டெம்பரில் நிம்டா புழு ஐஐஎஸ்களுக்குள் நுழையப் பயன்படுத்திய வழிகளில் ஒன்றும் இந்த நீட்டல்தான். ரோ பஃபரில் %சி0 அல்லது %சி1 வந்தால் எச்சரிக்கும் ரூல் தமிழ்த் தளத்தில் சத்தம் போடாது.

கிண்ணியா_லினக்ஸ் பதில்:

ரூலை மாற்றுவதற்கு முன் சோதனை முறையைச் சரிபாருங்கள். சென்சர் பொட்டலத்தையே பார்க்காமல் விட்டதைக் குறியாக்கக் கோளாறு என்று எண்ணி நேரம் போக்குவது அடிக்கடி நடக்கிறது.

கேர்ல் கட்டளையில் பாத்-ஆஸ்-இஸ் என்ற தெரிவைப் போடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு புள்ளி உள்ள பாதையை அது அனுப்புவதற்கு முன்பே சுருக்கிவிடும். நீங்கள் எழுதியது ஒன்று, கம்பியில் போனது வேறு. போனது என்ன என்பதைச் சுரிகாட்டாவின் ஈவ் ஜேசன் பதிவுக் கோப்பில் எச்டிடிபி பதிவின் யூஆர்எல் புலத்தில் பாருங்கள். அங்கே அவிழ்க்காத வடிவம்தான் பதிவாகும். அந்த வரியே இல்லையென்றால் ரூலில் கோளாறு தேட வேண்டாம், பொட்டலத்தைத் தேடுங்கள்.

பொட்டலம் வந்தும் பதிவில்லை என்றால் மூன்று காரணம் பார்க்கலாம். ஸ்பான் போர்ட்டில் ஒரு திசை மட்டும் வந்தால் சுரிகாட்டா டிசிபி இணைப்பை முழுதாகக் கட்டாது. சுவிச்சில் இரண்டு திசையையும் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சென்சரின் வலையட்டையில் ஜிஆர்ஓ, எல்ஆர்ஓ இரண்டையும் ஈத்டூலால் நிறுத்துங்கள். அவை பொட்டலங்களை ஒட்டிப் பெரிதாக்கும். அனுப்பும் கணினியிலேயே டிசிபிடம்ப் எடுத்து அந்தக் கோப்பைச் சுரிகாட்டாவுக்குக் கொடுத்தால், செக்சம்மை வலையட்டை பிறகு போடுவதால் கோப்பில் அது பிழையாகவே இருக்கும். அப்போது கே தெரிவுக்கு நன் என்று கொடுத்து ஓட்டுங்கள்.

எச்ஏ-புரொக்சிக்குப் பின்னால் சென்சர் இருப்பதால் எல்லா எச்சரிக்கையிலும் மூல ஐபி புரொக்சியின் ஐபியாகவே வரும். புரொக்சியில், பயனரின் ஐபியைத் தலைப்பில் சேர்க்கும் ஃபோர்வர்ட்ஃபோர் போட்டு, ஈவ்-லொக் பகுதியில் அதைப் படிக்கும் எக்ஸ்எஃப்எஃப் என்பதை இயக்குங்கள். அப்போதுதான் உண்மையான மூலம் தெரியும்.

சுரிகாட்டாவுக்குப் பதிலாக ஸ்னோர்ட் 2 என்ற சென்சர் வைத்திருப்பவர்களுக்கு: எச்டிடிபி இன்ஸ்பெக்ட் எச்சரிக்கைகளின் குழு எண் (ஜிஐடி) 119. அதில் 2 இரட்டை அவிழ்ப்பு, 3 %யு வடிவம், 4 குறியாக்காத பைட், 7 ஐஐஎஸ் யூனிகோட், 11 அடைவு தாண்டல். நான்காவதைத் தமிழ்த் தளத்தில் இயக்கினால் குறியாக்காமல் தமிழை அனுப்பும் பழைய செயலிகள் எல்லாம் சிக்கும். அதை ஐஐஎஸ் சேர்வருக்கு மட்டும் வையுங்கள். சென்சர்கள் %யு வடிவைத் தவறவிட்டது புதிய செய்தியும் அல்ல. சிவிஇ-2001-0669 அதற்காகவே பதிவானது. அன்று சிஸ்கோ, ரியல்செக்கியூர், டிராகன், ஸ்னோர்ட் 1.8.1க்கு முந்திய பதிப்புகள் என ஒரு வரிசையே அதில் இருந்தது.

சோதனையை உங்கள் சேர்வருக்கு மட்டும் செய்யுங்கள், சேர்வர் அலுவலகத்தினுடையது என்றால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தில் அனுமதியற்ற அணுகலே குற்றம். நல்ல நோக்கம் என்று பிறகு விளக்குவது கடினம்.

உட்துறைமுகம்:

மூவருக்கும் நன்றி. புரொக்சி_பாஸ் வரியில் டொலர் யூஆர்ஐ மாறி இருந்தது. அதை மாற்றிய பின் டொம்கட் மூன்றாவது வடிவத்துக்கு 404 தருகிறது. பெர்சனாலிட்டியைத் தனித்தனியாகப் பிரித்ததும் நான்காவது வடிவம் ஐஐஎஸ்ஸின் பாதையில் விழுகிறது. ஆனால் முன்பதிவுச் செயலியின் குவெரியில் %யு0070 என்று கொடுத்தால் செயலி அதை எழுத்தாகவே படிக்கிறது, ரூல் விழவில்லை.

மூதூர்_அட்மின் பதில்:

எதிர்பார்த்ததுதான். ஏஎஸ்பி டொட் நெட் குவெரியை அவிழ்க்கேக்க %யு வடிவத்தையும் ஏற்றுக்கொள்ளும். பெர்சனாலிட்டி அமைப்பு முக்கியமாகப் பாதைக்கு உரியது. குவெரியை அதை நம்பி விடாதேங்கோ. சுரிகாட்டாவில யூஆர்எல்_டிகோட் எண்ட உருமாற்றம் இருக்குது, ஆனால் அது %யு வடிவத்தை அவிழ்க்காது. ஆகவே குவெரிக்குக் கோணேசர்_நெட் சொன்ன %யு00 ரூலை ரோ பஃபரில வையுங்கோ, சேருமிடமாக ஐஐஎஸ்ஸின்ர ஐபியை மட்டும் குடுங்கோ.

பாதையில இந்த வடிவத்தைச் சேர்வரிலேயே மூடலாம். ரெஜிஸ்ட்ரியில எச்டிடிபி சேவையின் பரமீற்றர்ஸ் கிளையில பெர்சன்ட்யுஅலவ்ட் எண்ட டிவேர்ட் மதிப்பை 0 ஆக்கி, எச்டிடிபி சேவையை மறுதொடக்கம் செய்யுங்கோ. அந்த மதிப்பை ஒருத்தரும் எழுதாட்டி அது 1 எண்டுதான் எடுபடும். கூட, ரிக்வெஸ்ட் ஃபில்டரிங்கில அலவ்-டபுள்-எஸ்கேப்பிங் ஃபோல்ஸ் ஆக இருக்குதா எண்டு பாருங்கோ. இயல்பில ஃபோல்ஸ்தான், ஆனால் கோப்புப் பெயரில கூட்டல் குறி வந்தால் 404.11 பிழை வருதெண்டு ஆக்கள் அதை ட்ரூ ஆக்கிவிடுவினம். அப்படியெண்டால் கோப்புப் பெயர்களை மாற்றுங்கோ, அமைப்பைத் திருப்பி ஃபோல்ஸ் ஆக்குங்கோ.

குவெரிக்குள்ள போறதைச் செயலிக்கு முன்னாலேயே பிடிக்க மொட்செக்கியூரிட்டி எண்ட வலைச்செயலித் தீச்சுவரும் அதுக்கான ஓவாஸ்ப் கோர் ரூல் செட்டும் உதவும். யூஆர்எல்-டிகோட்-யூனி எண்ட உருமாற்றம் %யு வடிவத்தையும் அவிழ்க்கும். ரூல் எண்கள்: பிழையான குறியாக்கத்துக்கு 920220, இரட்டைக் குறியாக்கத்துக்கு 920230, முழு அகல எழுத்துக்கு 920260. இதில 920230 பரனோயா நிலை 2இல (கடுமை கூடின நிலை) இருக்குது, அதை இயக்கினால் பகிர்வு இணைப்புகள் சத்தம் போடும். அந்த அளபுருக்களை மட்டும் விலக்குங்கோ. முதலில தடுக்காமல் பதிவு மட்டும் செய்யிற டிடெக்ஷன்-ஒன்லியில விட்டு, தமிழ், சிங்களப் பக்கங்கள் இரண்டையும் தேடித் திறந்து பார்த்த பிறகு தடுக்கிற நிலைக்கு மாற்றுங்கோ.